ஒரு மா நிலத்தைக் குட்டைக்குக் கொடுக்கலாமா?

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே ஐந்து ஏக்கர் நஞ்சை, கணவர் வெளிநாட்டில், சாகுபடியை நீங்களே பார்க்கிறீர்கள். வயலின் ஓரத்தில் ஒரு பண்ணைக் குட்டை வெட்ட விரும்புகிறீர்கள். “நெல் விளைகிற மண்ணைக் குழியாக்கச் சொல்கிறாயா?” என்று மாமனார் மறுக்கிறார். டெல்டாவில் குட்டை தேவையா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. இரண்டு முறை படித்த பிறகு எனக்குப் பட்டது இது: குட்டைக்குப் போகும் நிலம் திரும்ப வராது, அந்த இழப்பை மீதி நிலம் ஈடுகட்டுமா என்றுதான் கேட்கிறீர்கள். உங்கள் மாமனார் கேட்பதும் அதே கேள்விதான். ஆகவே அவரை எதிர்க்கட்சியாக வைத்து இந்தப் பதிலை எழுதப்போவதில்லை.

நான் வேளாண்மைப் பொறியியல் படித்தவன். இருபத்தாறு ஆண்டுகள் வடிகாலும் குட்டையும் அளந்து வெட்டிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். இப்போது வலங்கைமான் பக்கம் சொந்த நிலத்தில் சம்பாவும் உளுந்தும் வைக்கிறேன். என் நிலத்தில் முதலில் வெட்டிய குட்டை முதல் ஐப்பசியிலேயே சரிந்தது. அதையும் பின்னால் சொல்கிறேன். மண், நீர், அளவு பற்றி உறுதியாகப் பேசுவேன். மீன் பற்றி எழுதுவதைப் பட்டறிவாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். வழக்கமாக வெட்டும் அளவு 30 மீட்டருக்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர். நம் பேச்சில் நூறடிக்கு நூறடி, ஆறரை அடி ஆழம். குழி மட்டும் 23 சென்ட். நான்கு பக்கமும் பத்தடிக் கரை விட்டால் 120 அடிக்கு 120 அடி, அதாவது 33 சென்ட். சரியாக ஒரு மா. உங்கள் பக்கத்தில் ஒரு மாவுக்கு 60 கிலோ மூட்டை பத்துக் கண்டால் நல்ல வெள்ளாமை. ஆண்டுதோறும் அந்தப் பத்து மூட்டையை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். குட்டை சும்மா கிடக்கிற மூலையில் வருகிறது, அதனால் செலவே இல்லை என்று யாராவது சொன்னால், அவர் நெல் விற்றுப் பிழைத்தவர் இல்லை.

அந்தக் குழி எவ்வளவு பிடிக்கும்? பக்கச் சுவர்களைச் செங்குத்தாக வெட்ட முடியாது. ஓரடி இறங்க ஒன்றரை அடி உள்ளே தள்ளிச் சரிவாக வெட்ட வேண்டும். அப்படி வெட்டினால் அடித்தளம் 24 மீட்டர் சதுரமாகக் குறுகி, முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 14.6 லட்சம் லிட்டர் வரும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஓர் ஏக்கர் வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்தவே 2 லட்சம் லிட்டர் வேண்டும். நெல்லுக்கு ஒரு போகத்தில் சுமாராக 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஐந்து ஏக்கருக்கு 2 கோடியே 40 லட்சம் லிட்டர் ஆகிறது. குட்டையில் இருப்பது அதில் பதினாறில் ஒரு பங்குகூட இல்லை. குட்டையை நம்பி ஒரு போகம் நெல் எடுக்கலாம் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடலாம். ஆற்றுத் தண்ணீருக்கு மாற்றாகக் குட்டை இருக்க முடியாது.

பிறகு எதற்கு அது? ஆண்டில் ஒன்றிரண்டு நெருக்கடி வாரங்கள் வரும். அவற்றைத் தாண்டுவதற்கு. என் அனுபவத்தில் குட்டையின் மதிப்பு முழுவதும் அந்த வாரங்களில்தான் இருக்கிறது. அந்த வாரங்கள் உங்கள் ஊரில் எவை என்று பார்ப்போம்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்து ஜனவரி 28 அன்று மூடுவது வழக்கம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு மூன்று நான்கு நாளில் வந்துவிடும். அங்கிருந்து வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் அருகே மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து உங்கள் பக்கம் வரும்போது நீங்கள் கடைமடை. திறக்கும்போது கடைசியில் வரும். குறைக்கும்போது முதலில் நின்றுவிடும். கடைமடைக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சி.ஆர். 1009 போன்ற நீண்ட நாள் ரகத்தைச் செப்டம்பர் நடுவில் விதைத்தால், 155 நாள் கணக்கில் அறுவடை பிப்ரவரி நடுவில்தான். அதாவது ஜனவரி நடுவில் பூத்து, மாதக் கடைசியில் பால் பிடித்து மணி முற்றுகிற நேரம். அணை மூடுவதும் அப்போதே. வடகிழக்குப் பருவமழையும் விலகியிருக்கும். அந்தப் பத்து இருபது நாளில் வயல் காய்ந்தால் பயிர் சாகாது, நின்றபடியே பதராகும். தூரத்திலிருந்து பார்த்தால் பொன்னாக இருக்கும், தூற்றும்போதுதான் தெரியும்.

இரண்டாவது நெருக்கடி உளுந்துக்கு. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நெல் நிற்கும்போதே ஈரத்தில் விதைத்துவிடுவது நம் டெல்டா வழக்கம். ஆடுதுறை 3 போன்ற ரகங்கள் இதற்கென்றே வந்தவை. மேல்தண்ணீர் இல்லாமல் மண்ணில் மிஞ்சிய ஈரத்திலேயே வளர்ந்து, பூக்கும் நேரத்தில் அந்த ஈரமும் தீர்ந்துபோகும். பூவும் பிஞ்சும் கொட்டும். அந்த நேரத்தில் ஒரே ஒரு நனைப்புக் கிடைத்தால் பயிர் திரும்ப நிமிர்ந்துவிடும். நான் ஒரு மாசியில் வயலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் தெளிப்பானில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். எடை போட வேண்டியிருக்கவில்லை; வரப்பில் நின்றால் காயின் நீளமே வித்தியாசம் காட்டியது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: உளுந்துக்கு வாய்மடை வழியாகத் தண்ணீரைப் பாய்ச்சித் தேங்கவிட்டால் களிமண்ணில் வேர் மூச்சுத் திணறி மஞ்சளித்துவிடும். தெளிப்பு நீர்தான் கொடுக்க வேண்டும். அந்தக் குழாயும் தெளிப்பானும் குட்டைச் செலவோடு சேர்ந்தவை. தனிச் செலவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இப்போது கையிருப்பைப் பார்ப்போம். ஜனவரி முடிவில் குட்டை நிறைந்திருந்தால் 14.6 லட்சம் லிட்டர். அடியில் ஒன்றரை அடித் தண்ணீரை எடுக்கவே கூடாது. காரணம் பிறகு சொல்கிறேன். அது 3 லட்சம். வெயில் குடிப்பது நாளுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மார்ச் நடுவுக்குள் 2 லட்சம் போகும். கசிவுக்கும் கொஞ்சம் விட்டால் கையில் 9 லட்சம் நிற்கும். மீதியுள்ள நாலே முக்கால் ஏக்கர் நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் ஒரு தடவை கொடுத்தால் அதோடு தீர்ந்தது. நெல்லுக்கு வேண்டாம், உளுந்துக்கு 3 சென்டிமீட்டர் தெளிக்கலாம் என்றால் 5.7 லட்சம் போக மூன்று லட்சம் மிஞ்சும். கரையில் உள்ள கத்தரி, வெண்டைக்கு ஆகும். இரண்டுக்கும் முழுதாகக் கொடுக்க ஆகாது. எந்தப் போகத்தைக் காப்பது என்று அந்தந்த ஆண்டின் மழையைப் பார்த்து நீங்கள் முடிவு செய்ய வேண்டும். இந்தத் தேர்வு கையில் இருப்பதற்குத்தான் அந்தப் பத்து மூட்டையை விலையாகக் கொடுக்கிறீர்கள். ஆற்றுத் தண்ணீர் பிப்ரவரி வரை கிடைத்து, மாசியில் ஒரு மழையும் விழுந்துவிட்டால் அந்த ஆண்டு குட்டையால் நட்டம்தான்.

மூன்றாவதாக ஒன்று, உங்கள் பகுதிக்கே உரியது. ஆகஸ்ட், செப்டம்பரில் புழுதியில் நேரடி விதைப்புச் செய்துவிட்டு மழைக்கோ, முறை வைத்து விடும் வாய்க்கால் தண்ணீருக்கோ காத்திருக்கும் நாட்கள். முளைத்து வந்த பயிர் மூன்று இலையில் வாடும்போது ஒரு நனைப்பு உயிர் கொடுக்கும். 2023இல் ஜூன் 12 அன்று திறந்த மேட்டூர் அணை அக்டோபர் 10 அன்றே மூடப்பட்டது. 2024இல் திறந்ததே ஜூலை 28 அன்றுதான். இப்படிப்பட்ட ஆண்டுகளில் குட்டை காப்பாற்றுமா என்றால், அது செப்டம்பரில் எதைக் கொண்டு நிரம்பியிருக்கும் என்று திருப்பிக் கேட்பேன். பருவமழை வருமுன் அதை நிரப்பக்கூடியது வாய்க்கால் ஒன்றுதான். முறைத் தண்ணீர் வரும் நாளில் வயல் நனைந்த பிறகு வடிகாலுக்கு ஓடுவதைக் குட்டைக்குத் திருப்பிவைத்திருந்தால் உதவும். வாய்க்காலே வறண்ட ஆண்டில் குட்டையும் வறண்டுதான் கிடக்கும். குறுவை நாற்றங்காலுக்கு ஜூனில் குட்டைத் தண்ணீர் என்பதும் இதே கதைதான். நான்கு மாத வெயில் குடித்த பிறகு அங்கே சேறுதான் மிஞ்சியிருக்கும்.

இனி, குட்டையைப் பற்றி மேடைகளில் சொல்லப்படும் இரண்டு நன்மைகள். டெல்டாவைப் பொறுத்தவரை இரண்டும் எனக்குச் சந்தேகம். முதலாவது, வெள்ளத்தைத் தாங்கும் என்பது. கார்த்திகையில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டுவது உங்கள் ஊருக்குப் புதிதில்லை. ஐந்து ஏக்கரில் அது 20 லட்சம் லிட்டர்; குட்டை காலியாக இருந்தாலே கொள்ளாது. அது காலியாகவும் இருக்காது, ஐப்பசியிலேயே தளும்பி நிற்கும். வயல் மூழ்குவதைத் தடுப்பது தூர்வாரிய வடிகால்தான். குட்டை வெட்டிவிட்டோம் என்று வடிகாலை மறந்துவிட வேண்டாம். இரண்டாவது, நிலத்தடி நீர் உயரும் என்பது. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று கல்லணைக் கால்வாய் பாயும் புது டெல்டாவில், மண் இளகி நீரை விடுகிற இடங்களில் அது உண்மை. அங்கே குட்டையின் முதல் வேலையே அதுதான் என்றுகூடச் சொல்வேன். உங்கள் பக்கத்துக் கனத்த களியில் தண்ணீர் கீழே இறங்க மனம் வைக்காது. தண்ணீரைத் தேக்கத் துணைசெய்யும் அதே களிதான் நிலத்தடிக்கு விடாமல் தடுக்கிறது. ஒரே மண்ணிடம் இரண்டு வேலையும் கேட்க முடியாது.

டெல்டாக் குட்டையில் இன்னொரு விசித்திரமும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நம் காலடிக்கே வந்துவிடும். அப்போது குட்டை நிறைவதில் பாதி மேலிருந்து வந்த மழை, பாதி பக்கத்திலிருந்து ஊறிய ஊற்று. பூமிக்குள் இருக்கும் நீர்மட்டத்துக்கு ஒரு சன்னல் திறந்து வைத்ததுபோல. மாசி, பங்குனியில் அந்த மட்டம் இறங்க இறங்கக் குட்டையும் கூடவே இறங்கும். ‘வெட்டிய ஆண்டு நன்றாக நின்றது, இந்த ஆண்டு நிற்கவில்லை’ என்று பலர் குறைப்படுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். குட்டையில் ஓட்டை விழுந்திருக்காது.

அந்தச் சன்னல் வழியாக உங்கள் ஊரில் உப்பும் வரக்கூடும். நான் உங்களுக்காக அதிகம் யோசித்தது இதைத்தான். முத்துப்பேட்டைக் காயலுக்கு அருகே போகப் போக அடி நீர் உவர்ப்பு. கடலோரத்தில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது; நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் தாங்கும் என்பது பாடக் கணக்கு. மேலே ஓரடி இறைத்துவிட்டால் கீழே உப்பு நாற்பதடி ஏறிவரப் பார்க்கும். மண் ஒரே சீராக இல்லாத இடத்தில் இது அப்படியே பலிக்காது, ஆனால் திசை சரி. வேதாரண்யம் பக்கத்து மணற்பகுதியில் பெரியவர்கள் ஆழமில்லாத சின்னச் சின்னக் குட்டைகளாகவே வெட்டிக் குடத்தில் முகந்து ஊற்றியதில் இந்த அறிவு இருக்கிறது. உங்கள் அடி நீர் உவராக இருந்தால் ஆறரை அடி வேண்டாம். நாலரை, ஐந்தடியோடு நிறுத்தி, மழைநீரை மேலே பிடித்து வையுங்கள். கொள்ளளவு குறையும், ஆவியாவது கூடும், கணக்கும் மாறும். அடி நீர் நாவில் கரித்தால் திட்டத்தையே கைவிடச் சொல்வேன். நெல் ஓரளவு உப்பைப் பொறுத்துக்கொள்ளும், உளுந்து பொறுக்காது.

வெட்டுவதில் பிழைகள் எங்கே நேரும் என்று சொல்கிறேன். “சல்லிக்காசு வேண்டாம், நானே பொக்லைன் வைத்து வெட்டித் தருகிறேன், மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஏற்காதீர்கள். அவருக்கு வேண்டியது மண். ஆறடியில் நிறுத்தச் சொன்னால் பதினைந்தடி போவார், கரையைச் செங்குத்தாக விட்டுவிட்டுப் போவார். மண்ணை வெளியே அனுப்பினால் கனிமவளத் துறை அனுமதி இல்லாத வழக்கு உங்கள் பட்டா எண்ணின் மேல்தான் விழும். வேளாண்மைப் பொறியியல் துறையிலேயே மண் வெட்டும் இயந்திரம் வாடகைக்கு உண்டு. குட்டைக்கு மானியமும் அவ்வப்போது வரும், அலுவலகத்தில் இந்த ஆண்டின் நிலவரத்தைக் கேளுங்கள். மானியத்துக்காக அளவை மாற்றாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

தோண்டினால் 14.6 லட்சம் லிட்டர் இருந்த இடத்து மண் முழுவதும் வெளியே வருமே, ஐந்நூறு யூனிட்டுக்கு மேல் (ஒரு யூனிட் நூறு கன அடி). அதை எங்கே போடுவது என்று முடிவு செய்யாமல் இயந்திரத்தை இறக்காதீர்கள். மேலே உள்ள ஓரடி வண்டலை முதலில் வழித்துத் தனியாகக் குவியுங்கள். அது உங்கள் தாத்தா காலத்து ஆற்று வண்டல். வயலின் பள்ளமான பகுதிக்கு அதைப் பரப்பலாம். அடி மண்ணைக் கரைக்கும், களம் உயர்த்தவும், வைக்கோல் போர் போடும் மேட்டுக்கும் வையுங்கள். என் முதல் குட்டையில் நான் இதைச் செய்யவில்லை. வந்த மண்ணை எல்லாம் விளிம்பிலேயே குவித்தேன், இடம் மிச்சம் என்று சரிவையும் குறைத்தேன். ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. கிழக்குக் கரை அப்படியே உட்கார்ந்து, கரையில் நின்ற காய்க்கும் தென்னை ஒன்றையும் இழுத்துக்கொண்டு குட்டைக்குள் போனது. பொறியியல் படித்தவன் வீட்டுக் குட்டை என்று ஊரே வந்து பார்த்தது. விளிம்புக்கும் மண்மேட்டுக்கும் நடுவே மூன்றடியாவது வெறும் தரையாக விட வேண்டும் என்று பிறருக்கு எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

கரை முடிந்த முதல் ஆண்டு, தண்ணீர் ஏறிய பிறகு, தினமும் விடியலில் வெளிப்பக்கம் ஒரு சுற்று நடந்து பாருங்கள். நண்டு வளையும் எலி வளையும் கரையின் எமன். பனி ஈரத்துக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் மண் கறுத்து நனைந்து, விரல் பருமனுக்குத் தண்ணீர் கசியும். குனிந்து அந்தத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்துங்கள். தெளிவாக இருந்தால் வெறும் கசிவு, அவசரம் இல்லை. கலங்கலாக இருந்தால் உள்ளிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. அன்றைக்கே கவனிக்க வேண்டும். வெளிவாயை அடைத்துப் பயனில்லை. உட்பக்கத்து வாயைத் தேடுங்கள்; தவிடு கொஞ்சம் தூவினால் அது உறிஞ்சப்படும் இடம் தெரியும். அங்கே களிமண்ணையும் நறுக்கிய வைக்கோலையும் பிசைந்து திணித்து மிதிக்க வேண்டும். இதை வயலில் வேலை செய்யும் எந்தப் பெரியவரும் உங்களைவிட, என்னைவிட நன்றாகச் செய்வார். கரை முழுக்க அருகம்புல் பிடிக்கவிடுங்கள், சரிவில் வெட்டிவேர் வையுங்கள். நெய்வேலிக் காட்டாமணக்கு ஒரு குச்சி எட்டிப் பார்த்தாலும் வேரோடு பிடுங்குங்கள். ஒரே மழைக்காலத்தில் குட்டையைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொள்ளும். ஆகாயத்தாமரையும் அப்படியே.

அடியில் ஒன்றரை அடித் தண்ணீரை விட்டுவைக்கச் சொன்னதன் காரணம் இதுதான்: உங்கள் களி காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெடித்த குட்டை அடுத்த முறை நிறையும்போது முதல் சில நாட்கள் வெடிப்பு மூடும் வரை குடித்துக்கொண்டே இருக்கும். ஈரம் காயாமல் வைத்திருந்தால் அந்த நட்டம் இல்லை. தார்ப்பாய் விரிக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். செம்மண், மணல் நிலத்தில் சரி. நம் பழைய டெல்டாவில் மழைக்காலத்து ஊற்று அடியிலிருந்து தள்ளும்போது, குட்டையில் தண்ணீர் குறைவாக இருந்தால் அந்தத் தாள் பலூன்போல எழும்பி மிதக்கும், ஓரம் கிழியும். களிமண் இருக்கும் இடத்தில் தாளுக்குச் செலவிடுவது வீண்.

மீன்: உண்டு, வருமானமும் உண்டு, ஆனால் குட்டையை மீன் கணக்கில் நியாயப்படுத்தாதீர்கள். கட்லா நான்கு, ரோகு மூன்று, மிர்கால் மூன்று என்ற விகிதத்தில், சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் 800 குஞ்சுகள் உங்கள் அளவுக்குப் போதும். விரலளவு வளர்ந்ததாக வாங்குங்கள். பொடிக்குஞ்சாக விட்டால் விராலுக்குத்தான் தீனி. வாய்க்கால் நுழையும் குழாயிலும், நிறைந்து வழியும் போக்கியிலும் வலை கட்டாயம். மார்கழியில் இரண்டு மூன்று நாள் மூட்டம் போட்டால், விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து தண்ணீரில் இருந்த காற்றைத் தின்றுவிட்டன என்று பொருள். பம்பை ஓட்டி அந்தத் தண்ணீரையே உயரத்திலிருந்து திரும்பக் கொட்டவிட்டால் தப்பிக்கும். பெரிய பகை மருந்து. பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த அன்றிரவே மழை பெய்து, வடிந்த தண்ணீர் என் குட்டைக்குள் வந்தது. காலையில் வெள்ளி வெள்ளியாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவர்மேல் கோபித்து என்ன செய்வது? வடிகிற மூலையில் குட்டையை வைத்தவன் நான். உளுந்துக்குத் தண்ணீர் இறைக்கும் மாதமும் மீன் எடை ஏறும் மாதமும் ஒன்று என்பதையும் யோசியுங்கள். இறைக்கும் முன் பிடித்து விற்றுவிடுவதுதான் நல்லது. நோய், தீவனம் பற்றி மீன்வளத் துறையினரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

ஆக, இடம் எது? பொதுவாகத் தாழ்ந்த மூலை என்பார்கள். உங்களுக்கு நான் வாய்க்கால் ஓரத்தைச் சொல்வேன், வடிகாலுக்கும் எட்டும் தூரத்தில். எப்படியும் பம்பு வைத்துத்தான் இறைக்கப் போகிறீர்கள். தாழ்வில் வைத்தால் ஊரார் உரமும் மருந்தும் வந்து சேரும். கரையில் தென்னையை விளிம்பிலிருந்து தள்ளி வையுங்கள், அகத்தியும் துவரையும் நெருங்கி இருக்கலாம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு பக்கம் படிக்கட்டும், நான்கு பக்கமும் வேலியும், தண்ணீருக்குள் தொங்கும் ஒரு முடிச்சுக் கயிறும் இல்லாமல் முதல் மழையை வரவிடாதீர்கள். களிமண் சரிவு நனைந்தால் பெரியவர்களுக்கே ஏற வராது. ஒரு முறை அப்படி ஒரு குட்டைக் கரையில் நின்றிருக்கிறேன், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை.

முடிவாகக் கேட்டால்: அடி நீர் நாவில் கரிக்கவில்லை, ஐந்தடிக்குள் மணல் பட்டை தட்டவில்லை, உளுந்தை உண்மையாகவே சாகுபடி செய்கிறீர்கள் என்றால், ஒரு மாவைக் கொடுங்கள் என்பேன். மூன்றில் ஒன்று பிசகினாலும் மாமனார் பக்கம் நிற்பேன். இப்போதே இயந்திரம் பேச வேண்டாம். பங்குனியில், உளுந்து எடுத்த பிறகு, நினைத்திருக்கும் இடத்தில் ஆள் வைத்து நாலடிக்கு நாலடி சதுரத்தில் ஆறடி ஆழம் ஒரு சோதனைக் குழி எடுங்கள். மாமனாரையும் கூட்டிப்போங்கள், ஒவ்வோர் அடியிலும் வரும் மண்ணை அவரே உருட்டிப் பார்க்கட்டும். விரல் நீளத்துக்குத் திரித்தாலும் உடையாமல் வளைந்தால் களி. உதிர்ந்தால் மணல் கலந்தது. எத்தனையாவது அடியில் ஈரம், எத்தனையாவது அடியில் தண்ணீர் ஊறுகிறது என்று ஒரு குச்சியில் கீறி வையுங்கள். ஊறிய தண்ணீரில் ஒரு பாட்டில் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்து உப்பளவு பாருங்கள். குழியை அன்றே மூடிவிடாமல், ஆடுமாடும் பிள்ளைகளும் விழாதபடி முள் போட்டு ஒரு வாரம் விட்டு, நீர்மட்டத்தைத் தினமும் குறித்துக்கொள்ளுங்கள். மண் அடுக்கு, நீர்மட்டம், உப்பளவு மூன்றையும் இங்கேயே எழுதினால், உங்கள் ஆழத்துக்கும் சரிவுக்கும் கணக்கைப் புதிதாகப் போட்டுத் தருகிறேன்.